முகூர்த்தத்துக்குப் போன படகுப்பாய்

‘வீரபத்திரன். மாலுமி, இரண்டாம் தரம். வயது இருபத்தெட்டு. உயரம் ஐந்தடி எட்டங்குலம். நன்றாக நீந்துவார். பாய்மரம் ஏறுவார். இரவில் நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்லுவார். அடையாளம்: இடது புஜத்தில் நங்கூரம் பச்சை குத்தியிருக்கிறது.’

பினாங்குத் துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு துரைத்தன ஆபீசின் ஆள்பதிவேட்டில் 1909ஆம் ஆண்டு இருந்த வரிகள் இவை. இதில் வீரபத்திரன் என்ற பெயர் மட்டும் உண்மை.

அந்த ஆண்டில் அவருக்கு வயது நாற்பத்தொன்று. நிமிர்ந்து நின்றால் ஐந்தடி இரண்டங்குலம் வருவார். ஆனால் முப்பது வருஷம் குனிந்து துணி அடித்தவர் நிமிர்ந்து நிற்பது அபூர்வம். நீந்தத் தெரியாது. தண்ணீரோடு அவருக்கு இருந்த சிநேகம் முழங்கால் வரைக்கும்தான். தினமும் பொழுது விடிவதற்குள் ஆற்றில் இறங்கி நிற்பவர், நீர் முழங்காலைத் தாண்டினால் துணியைப் போட்டுவிட்டுக் கரையேறிவிடுவார். கப்பலில் ஏறியது வாழ்நாளில் ஒரே தடவை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு. வழி முழுவதும் மேல்தளத்தில் மல்லாந்து கிடந்தார். புரண்டபோதெல்லாம் வாந்தி எடுத்தார். அப்போது நட்சத்திரம் பார்த்தது வாஸ்தவம். பார்க்க வேறொன்றும் இருக்கவில்லை.

நங்கூரம் வேறொருவருடைய புஜத்தில் இருந்தது. அந்த ஆள் ஒருநாள் சுமத்ராவின் பெலவானுக்குப் போன கப்பலில் ஏறியவர், திரும்பவில்லை. அவருடைய இடம் காலியாகக் கிடந்தபோது ஆபீசின் பெரிய துரைக்கு ஒரு யோசனை வந்தது. துரையின் மேசை விரிப்பில் கொட்டிய சிவப்பு ஒயினைத் தடம் தெரியாமல் எடுத்துக் கொடுத்த சலவைக்காரர் ஒருவர் ஆயர் ஈத்தாம் சாலை வண்ணான்துறையில் இருந்தார். ஆபீசின் கிடங்கிலோ படகுப் பாய்கள் பூசணம் பிடித்துக் கரும்புள்ளியும் சாம்பல் பூப்புமாகக் கிடந்தன. ஒயினை எடுத்தவன் இதையும் எடுக்கமாட்டானா என்று துரை கேட்டார். கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் ஆபீசின் வேலைப் பட்டியலில் சலவைக்காரன் என்று ஒரு வேலை இல்லை. மாலுமி இருந்தது. ஏடு எழுதப் புதிதாகச் சேர்ந்திருந்த கிராணி ஹென்றி இராயப்பன், இருபத்திரண்டு வயது, அழகான கையெழுத்து, பட்டியலில் ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் சிங்கப்பூரில் இருந்த தலைமை ஆபீசுக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்று அறிந்தவர். பழைய ஆளின் பெயரை மட்டும் அடித்துவிட்டு மேலே வீரபத்திரன் என்று எழுதினார். மற்றதெல்லாம் அப்படியே நின்றது. மாதம் பன்னிரண்டு வெள்ளிச் சம்பளமும், கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையும் வீரபத்திரனுக்கு வந்தன. அறையில் தளம் சிமெண்டு, கூரை ஓடு. அவர் மனைவி நல்லம்மாள் அந்தத் தளத்தை முதல் நாள் மூன்று தடவை கழுவினாள்.

முதல் பாயை வீரபத்திரன் மேசை விரிப்பு மாதிரியே நடத்தினார். தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். உவர்மண்ணில் ஊறவைத்து வெள்ளாவி வைத்தார். அது போதாதென்று, துரைமார் வீட்டுச் சட்டைக்குப் போடும், கறையை அரிக்கும் சலவைத்தூளில் இரண்டு நாள் முக்கிவைத்தார். நீலம் போட்டார். கடைசியில், சலவை என்றால் மொடமொடவென்று நிற்கவேண்டும் என்ற குலதர்மப்படி, பச்சரிசிக் கஞ்சியும் போட்டார். பாய் மல்லிகைப் பூவாக வந்தது. துறைமுகத்தில் வேலையில்லாமல் நின்றவர்களும், வேலையிருந்தவர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, வண்ணான்துறைக்குச் சாராங்கு காதர்கனி வந்தார். கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடு இருக்கும் பாறைத் தீவுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுபோகும் படகுக்கு அவர்தான் தலைவர். தோளில் ஒரு துணிச்சுருள். இரண்டு உள்ளங்கையிலும் கந்தைத் துணி சுற்றியிருந்தது.

“ஓய், இங்க வீரபத்திரன் யாரு?”

“நான்தாங்க.”

காதர்கனி மேலும் கீழும் பார்த்தார். “நீர்தானா? நங்கூரம் குத்தின ஆளு, ஆறடிக்குப் பக்கத்துல இருப்பாருன்னு கிராணி ஏட்டப் பார்த்துச் சொன்னான். சரி, இந்தாரும் உம்ம சலவை. சுமத்ராக் காத்து ஒரே ஒரு தட்டுதான் தட்டுச்சு. மேலேருந்து கீழே சர்ருனு போயிருச்சு.”

“நல்லா வெளுத்துத்தானே குடுத்தேன், சாராங்கே?”

“வெளுப்புக்கு என்ன ஓய் குறைச்சல்? செத்துக் கிடக்கிற மையத்துக்குப் போர்த்தலாம், அவ்வளவு வெளுப்பு. நாங்க அஞ்சு பேரும் மையத்தாத்தான் ஆகப் பார்த்தோம். பதினோரு மணி நேரம் துடுப்புப் போட்டு வந்தோம். கையைப் பாரும்.” சுருளை அவர் கல்லின்மேல் போட்டார். “அதுல கஞ்சி வேற. ஒம்பதாம் நாளே மறுபடி பூத்துப்போச்சு. பூசணத்துக்குச் சோறு போட்டு வளர்க்கச் சொல்லியா துரை உம்மை வச்சிருக்காரு?”

சுற்றியிருந்த சலவைக்காரர்கள் சிரித்தார்கள். காதர்கனி சிரிக்கவில்லை. அவர் போன பிறகு வீரபத்திரன் கிழிந்த பாயில் ஒரு நூலை உருவி இழுத்தார். வெந்த மீகூன் சேமியா மாதிரி அறுந்தது. பூசணம் தின்றது கொஞ்சம். சலவைத்தூள் தின்றது மிச்சம்.

அதற்குப் பிறகு அவர் செய்தது, ஒரு சலவைக்காரர் லேசில் செய்யக்கூடியது அல்ல. வெளுப்பதை நிறுத்தினார்.

அந்தக் கிழிசலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகப் பக்குவம் பண்ணி, மழையில் நனைத்து, சுருட்டி, கிடங்கு மூலையில் போட்டுப் பார்த்தார். ஒன்றரை வருஷம் ஆயிற்று. கடைசியில் தேறிய முறை பார்வைக்கு ஒன்றுமில்லாதது. பூசணம் பிடித்த பாயை முதலில் நனைக்கக் கூடாது. நனைத்துத் தேய்த்தால் அது இழைக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் விரித்து நன்றாகக் காயவிட்டு, தேங்காய் மட்டையை நசுக்கிய தூரிகையால் காற்றடிக்கும் பக்கமாகத் தட்டினால் பாதி தூசியாகப் பறந்துவிடும். பிறகு பூவந்திக் கொட்டை நுரை, ஆற்றுத் தண்ணீர். உப்புத் தண்ணீர் ஆகாது; உப்பு பாயில் தங்கினால் ஈரத்தை அழைத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் படிகாரத் தண்ணீரில் ஒரு முக்கு. பிறகு மறுபடி வெயில், இரண்டு பக்கமும். ஓரக்கயிறும் தையல் மடிப்பும் காயும்வரை பாய் காய்ந்ததாகக் கணக்கில்லை. காய்ந்ததா என்று அவர் கையால் பார்க்கமாட்டார். மூக்கை மடிப்புக்குள் வைத்துப் பார்ப்பார்.

இத்தனைக்கும் பிறகு கரும்புள்ளி அப்படியே இருக்கும். பூசணம் செத்தாலும் அதன் தடம் போகாது. அதையும் எடுக்கலாம், இழையையும் சேர்த்து. வீரபத்திரன் விட்டுவிட்டார். ஆகவே ஊரிலேயே துணி தெரிந்த சலவைக்காரரின் கொடியில், ஊரிலேயே அழுக்கான துணி தொங்கியது.

“ஆத்துக்கு வர்ற பொம்பளைங்க கேக்குறாங்க,” என்றாள் நல்லம்மாள். “உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு மங்கிருச்சான்னு. நான் என்ன சொல்லட்டும்?”

“ஆமான்னு சொல்லு.”

“பழைய வாடிக்கைக்காரங்க ரெண்டு வீடு போயிருச்சு.”

“கிழியாத பாயி ஒண்ணு இருக்கு.”

“அதக் கட்டிக்கிட்டு இருங்க,” என்றாள் அவள்.

அவர் கட்டத்தான் செய்தார். அது எப்படி என்பதில்தான் கதை இருக்கிறது.

பூசணம் போக்குவது பாதி வேலை. திரும்ப வராமல் பார்ப்பது மீதி. அதற்கு மருந்து காற்றும் வெயிலும்தான். ஆபீசின் விதியோ பாய்கள் கிடங்கில் சுருட்டிப் பூட்டி வைக்கப்படவேண்டும் என்றது. படகுக்கு என்றால் வெளியே போகலாம். சலவைக்கு என்றால் போகலாம். காயப்போட என்று போக விதியில் இடமில்லை. அந்தக் கிடங்கில் சுவரைத் தொட்டால் விரல் நனையும். பூட்டிவைக்கும் விதிதான் பூசணத்தை வளர்த்தது. பூசணத்தைப் போக்கத்தான் ஆபீஸ் ஆள் வைத்திருந்தது.

இன்னொன்று. வெளிச்சவீட்டுப் படகின் பெரிய பாய் முப்பதடி நீளம். வண்ணான்துறைக் கொடிகளில் அது தரையைத் தொடும். நல்ல உயரத்தில், நாலு பக்கமும் காற்றுப் புக, இரண்டு மூன்று நாள் கட்டிவைக்க ஓர் இடம் வேண்டும்.

அப்படிப்பட்ட இடம் ஒன்று வீரபத்திரனுக்குப் பரம்பரையாகவே தெரியும். கல்யாணப் பந்தல்.

மணமேடைக்கு மேலே மேற்கட்டி கட்டுவது வண்ணார் குடும்பத்து உரிமை. வாடிக்கை வீட்டுக் கல்யாணம் என்றால் அவர்தான் வெள்ளை வேட்டிகளை மேலே இழுத்துக் கட்டவேண்டும், அவர்தான் அவிழ்க்கவேண்டும். அதற்காக ஒரு வீட்டுத் துணியை இன்னொரு வீட்டுக் கல்யாணத்துக்குக் கொண்டுபோவது களவில் சேர்த்தி இல்லை. அது அந்தத் தொழிலின் நடைமுறை. சலவைக்கு வந்த துணி, திரும்பிப் போகும்வரை சலவைக்காரருடையது. வீரபத்திரன் இந்தச் சட்டத்தைத் துரைத்தனத்துக்கும் பொருத்தினார். 1911இல் ஒரு கல்யாணத்துக்கு, வேட்டி மேற்கட்டிக்கும் மேலே, வெயிலுக்கு மறைப்பாகப் படகுப் பாயைக் கட்டினார். மூன்று நாள் காற்று, மூன்று நாள் வெயில், கீழே சமையல் புகை, சாம்பிராணிப் புகை. அந்தப் பாயில் நாலு மாதம் பூசணம் தலைகாட்டவில்லை. கிடங்கில் விதிப்படி பூட்டிக்கிடந்த பாய் நாலு வாரத்தில் பூத்தது.

அன்றிலிருந்து முகூர்த்த மாதங்களில் பாய்கள் ஊருக்குள் போய்வரத் தொடங்கின. ஹென்றி கிராணி ஒவ்வொரு தடவையும் ‘சலவைக்கு’ என்று எழுதுவார். வீரபத்திரன் கைநாட்டு வைப்பார். இதில் அவருக்கு ஆதாயம் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு மரக்கால் அரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு வேட்டி, முதல் பந்தி முடிந்த உடனே சாப்பாடு. ஆனால் மழைக்காலத்தில் எவ்வளவு கெஞ்சினாலும் பாயைத் தரமாட்டார் என்பதும் நிஜம். ஹென்றி 1916இல் ரோசலினைக் கைப்பிடித்தபோது, மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து நடந்த விருந்துக்கு மேலேயும் ஒரு படகுப் பாய்தான் இருந்தது. ஆகவே கிராணியின் வாயும் அடைந்தது. ஆபீசில் வெள்ளைக்காரர்களைத் தவிர எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

“பாயை விரிச்சா பன்னீர் வாசனை வருது ஓய்,” என்பார் காதர்கனி. “தீவுக்குப் போறோமா, மாப்பிள்ளை ஊர்வலம் போறோமான்னு பையன்கள் கேக்குறானுங்க.” ஆனால் பாய் கிழிந்ததா என்று கேட்டால் இல்லை என்பார்.

1923இல் புதிய துரை வந்தார். பட்டியல்களில் நம்பிக்கை உள்ளவர். வந்த ஆறாம் வாரம், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அறிவிப்பு ஒட்டினார்: இன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கிடங்கைத் திறந்து பாய்களை எண்ணப்போகிறார், பட்டியலில் இருந்து கிடங்கில் இல்லாத பாய்க்கு எவன் பொறுப்போ, அவன் இன்றே வேலையையும் அறையையும் விட்டுப் போகவேண்டும்.

மற்றப் பாய்கள் இருந்தன. வெளிச்சவீட்டுப் படகின் பெரிய பாய் மலைக்கு அப்பால் பாலிக் புலாவில், ஜாதிக்காய்த் தோட்ட மேஸ்திரி கார்த்திகேசுவின் மகள் ஜெயலெட்சுமியின் கல்யாணத்தில் இருந்தது.

ஹென்றி இராயப்பன் அறிவிப்பை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒரு மோட்டாரை வாடகைக்குப் பிடித்து, மலைப்பாதையில் வளைந்து வளைந்து போய், ஒன்பதரை மணிக்குக் கழுத்துப்பட்டையும் வேர்வையுமாகப் பந்தலில் இறங்கினார். நாதஸ்வரம் ஆரம்பித்திருந்தது. யாரோ அவர் கையில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். பந்தல்காலுக்குப் பக்கத்தில் வீரபத்திரன் மேலே பார்த்தபடி நின்றிருந்தார்.

“அண்ணே, பாய இறக்குங்க.”

“வாங்க கிராணியாரே. காப்பி குடிச்சீங்களா?”

“காப்பி கிடக்கட்டும். துரை பன்னெண்டு மணிக்குக் கிடங்கத் திறக்குறாரு. பாயி இல்லேன்னா இன்னிக்கே உங்களுக்கு வேல இல்ல, ரூமும் இல்ல. நோட்டீசு ஒட்டிட்டாரு. மோட்டார் நிக்குது. இப்ப அவுத்தா நேரத்துக்குப் போயிரலாம்.”

வீரபத்திரன் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். “தாலி பதினொண்ணுக்கு,” என்றார்.

“அதுக்கென்ன? கீழ வேட்டி இருக்கே, அது இருக்கட்டும். மேல இருக்கிறத மட்டும் உருவுங்க.”

“ரெண்டும் ஒரே கயித்துல கட்டியிருக்கு.”

“தாலிக்கு முன்னாடி மேக்கட்டிய அவுத்தா என்னண்ணே ஆகும்?”

“தெரியலே. எங்க வீட்டுல யாரும் அவுத்ததில்ல.”

நல்லம்மாள் சமையல் பக்கத்திலிருந்து வந்தாள். விஷயம் அவள் காதுக்குப் போய்விட்டது. அந்தச் சிமெண்டுத் தளத்தை நினைத்தாளோ என்னவோ, முகம் சுண்டியிருந்தது.

“எத்தன மணிக்குள்ள போவணும், தம்பி?”

“பன்னெண்டு, அக்கா. சொன்னா சொன்னதுதான், இந்தத் துரை.”

அவள் புருஷனைப் பார்த்தாள். “பதினாலு வருஷமா அழுக்குப் பாயிக்கு மல்லுக்கு நின்னீங்க. வாடிக்கை போச்சுன்னேன், கேக்கலே. இப்ப ரூமும் போவப்போவுது.”

“அவுத்துரட்டுமா?” என்று கேட்டார் வீரபத்திரன். உண்மையாகவே கேட்டார். கை கயிற்றின் மேல் இருந்தது.

நல்லம்மாள் மணமேடையைப் பார்த்தாள். பெண்ணைக் கூட்டிவந்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். பாயின் நிழல் அவள்மேல் விழுந்திருந்தது.

“நல்லா அவுப்பீங்க,” என்றாள். “கைய எடுங்க அதுலேருந்து. தம்பி, நீ உக்காரு லா. நின்னா மட்டும் நேரம் நிக்குமா?”

ஹென்றி உட்கார்ந்தார். பாயசத்தோடு ஓர் இலை அவர்முன் வந்தது. ஆபத்தில் இருக்கும் மனுஷன் சாப்பிடமாட்டான் என்பது தப்பு. அவர் இரண்டு தடவை பாயசம் வாங்கினார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். வீரபத்திரன் கயிற்றின் அருகிலேயே நின்றார். பதினொன்று பத்துக்குத் தாலி ஏறியது. பதினொன்று இருபதுக்குப் பாய் தரையில் இருந்தது. அவசரத்திலும் அவர் மூக்கை மடிப்புக்குள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுருட்டினார்.

பாயை மோட்டார் கூரையில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் இரண்டாம் தர மாலுமி வண்டியை நிறுத்தச் சொன்னார். ஐந்தாவது வளைவில் மறுபடி. ஏழாவது வளைவுக்கு மேல் அவர் கேட்கவில்லை. ஹென்றியே நிறுத்தச் சொன்னார். கிடங்கு வாசலில் அவர்கள் இறங்கியபோது மணி ஒன்றே முக்கால்.

துரை பன்னிரண்டுக்கே வந்துவிட்டார். பாய்களை எண்ணப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஒன்று குறைந்தது. யார் பொறுப்பு என்று கேட்டார். மாலுமி வீரபத்திரன் என்றார்கள். எங்கே என்று கேட்டார், வருவார் என்றார்கள். துரை காத்திருந்தார். காத்திருப்பவருக்கு ஏதாவது செய்யவேண்டும். மூலையில் தகரம் அடித்த பெட்டி ஒன்று அரக்கு முத்திரையோடு இருந்தது. பெரிய மனிதர்கள் வரும் நாளில் மட்டும் ஆபீசின் விசேஷப் படகுக்குக் கட்டும் இரண்டு வெள்ளைப் பாய்கள் அதில் இருந்தன. அவற்றை எவனும் தொடக் கூடாது, சலவைக்குக்கூட, என்பது முந்தைய துரையின் எழுத்துமூலமான உத்தரவு. ஆபீசிலேயே விதி முழுவதுமாகக் கடைப்பிடிக்கப்பட்ட இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான். துரை அதைத் திறக்கச் சொன்னார். முதலில் வாடை வந்தது. பிறகு கருப்பு. துரை மேல் மடிப்பைத் தூக்கியபோது மடிப்பு அவர் கையோடு வந்தது. மற்றது பெட்டியில் இருந்தது.

பெரிய பாய் சரியான நேரத்துக்கு வந்திருந்தால், அவர் எண்ணிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்.

இந்தச் சமயத்தில்தான் வீரபத்திரன் பாயோடு உள்ளே வந்தார். பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தபோது ஒரு மாவிலையும், மஞ்சள் அரிசி கொஞ்சமும் தரையில் உதிர்ந்தன. பாயில் கரும்புள்ளி இருந்தது. ஓரத்தில் மஞ்சள் விரல்தடம் இருந்தது. துரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பிறகு ஒரு காலை ஊன்றி இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. குனிந்து முகர்ந்தார். வந்தது சாம்பிராணி.

எங்கே இருந்தது இந்தப் பாய் என்று கேட்டார். சலவைக்குப் போயிருந்தது என்று ஹென்றி மொழிபெயர்க்காமலே பதில் சொன்னார். துரை ஏட்டை வாங்கிப் புரட்டினார். பன்னிரண்டு வருஷத்தில் இந்தப் பாய் நூற்றுப் பதினேழு தடவை சலவைக்குப் போயிருக்கிறது. ஆனால் பாயைப் பார்த்தால் ஒரு தடவைகூட வெளுத்த மாதிரி இல்லையே என்றார். அது சரியான கேள்வி. அதற்குச் சரியான பதில் தெரிந்தவர் வீரபத்திரன். அவருக்குக் கேள்வி புரியவில்லை.

துரை அடுத்தாற்போல் ஆள்பதிவேட்டைத் திறந்தார். வாசித்தார். எதிரே நின்ற, வாந்தியில் வெளிறிப்போன, ஐம்பத்தைந்து வயது மனிதரைப் பார்த்தார். வயது இருபத்தெட்டா என்றார். பிறகு இடது கையைக் காட்டச் சொன்னார். வீரபத்திரன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். கரிய, நரம்பெடுத்த, வெறும் புஜம்.

நங்கூரம் எங்கே என்று துரை கேட்டார்.

கிடங்கில் எல்லாரும் ஹென்றியைப் பார்த்தார்கள். அழகான கையெழுத்து, பதினாலு வருஷ சர்வீசு, வீட்டில் மூன்று பிள்ளைகள்.

“வெளுத்துப் போச்சு துரை,” என்றார் ஹென்றி இராயப்பன். “இவர் சலவைக்காரர்.”

அதை அவர் இங்கிலீஷில் சொன்னார். துரை சிரித்தாரா என்பதில் இரண்டு கட்சி உண்டு. சிரித்தார் என்று ஹென்றி கடைசிவரை சொன்னார்; இருமினார் என்று காதர்கனி சொன்னார். எப்படியானாலும் துரை பேனாவை எடுத்து, பதிவேட்டில் நங்கூரம் என்று இருந்த வரியை மட்டும் அடித்தார். மாலுமி, நீந்துவார், நட்சத்திரம் பார்ப்பார், வயது இருபத்தெட்டு எல்லாம் நின்றன. அவற்றை மாற்றுவதற்குச் சிங்கப்பூருக்கு எழுதவேண்டும். எழுதினால் அந்தத் தகரப் பெட்டியைப் பற்றியும் எழுதவேண்டும்.

பாய் சலவைக்கென்று முறையாகக் கைநாட்டு வைத்துத்தான் வெளியே போயிருந்தது. சலவை எந்த இடத்தில் நடக்கவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பட்டியல்களை நம்புகிறவருக்கு இது பெரிய தடை. வேலையும் அறையும் அவர் பிடுங்கவில்லை. ஆனால் உதிர்ந்த மாவிலை எதற்கு என்று விசாரித்துவிட்டுப் புதிய உத்தரவு ஒன்று போட்டார்: எல்லாப் பாய்களும் மாதம் ஒருமுறை வெளியில் காற்றாட வைக்கப்படவேண்டும், அதற்கென வண்ணான்துறையில் உயரமான கம்பங்கள் நடவேண்டும், அந்த இடத்தை விட்டு எந்தக் கல்யாணத்துக்கும், திருவிழாவுக்கும், வேறு சடங்குக்கும் பாய் போகக் கூடாது. வெப்ப நாடுகளில் படகுப் பாய்களுக்குக் காற்றோட்டம் தருவது பற்றி அவர் பெயரில் ஓர் அறிக்கையும் போயிற்று. அதற்குப் பாராட்டு வந்ததாகக் கேள்வி.

கம்பங்கள் நடப்பட்டன. நல்ல உயரம், நாலு பக்கமும் காற்று. உத்தரவை ஹென்றி தமிழில் படித்துக் காட்டியபோது நல்லம்மாள் கவனமாகக் கேட்டாள். மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னாள்.

“பாயி கல்யாணத்துக்குப் போகக் கூடாது. அவ்வளவுதானே, தம்பி?”

“அவ்வளவுதான், அக்கா.”

“கல்யாணம் பாயிகிட்ட வரலாமா?”

ஹென்றி உத்தரவைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு பினாங்கில் பல கல்யாணங்கள் வண்ணான்துறை மேட்டில் நடந்தன. பெண்வீட்டார் சிலருக்கு இடம் பிடிக்கவில்லை. ஆனால் பந்தல் செலவு இல்லை, தண்ணீர் பக்கத்திலேயே, மேற்கட்டிக்காரர் தினமும் நிற்கும் இடம் வேறு. காதர்கனியின் பாய்களில் பன்னீர் வாசனை முன்னைவிடக் கூடியது.

1929இல் வீரபத்திரன் ஓய்வு பெற்றார். ஆபீஸ் அவருக்கு ஒரு நற்சான்றுப் பத்திரம் கொடுத்தது. இரண்டாம் தர மாலுமியாக இருபது ஆண்டுகள் கடலில் துணிவுடன் பணியாற்றினார் என்று அதில் இருந்தது. பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதியவர் ஹென்றி இராயப்பன். வயது என்ற இடத்தில் மட்டும் அவர் கொஞ்சம் தயங்கி, காலியாக விட்டார். பத்திரத்தை நல்லம்மாள் கஞ்சி போட்டு இஸ்திரி வைத்த துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். இரண்டு மழைக்காலத்தில் அது பூத்துவிட்டது.

வீரபத்திரன் எந்தப் படகிலும் பாய் விரித்ததில்லை. ஏழு படகுப் பாய்களை அவர் தட்டி, அலசி, காயவைத்து, காற்றில் கட்டினார். அவர் கஞ்சி போட்ட முதல் பாய்க்குப் பிறகு ஒன்றும் கடலில் கிழியவில்லை.